மூன்றாவது மாடி, இடது பக்கக் கதவு

உள்ளறையிலிருந்து "பீம்... பீம்..." என்று சத்தம் வந்தது.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. லிஃப்டில் அளவுக்கு மேல் ஆள் ஏறினால், கதவை மூடமாட்டேன் என்று அது ஒரு சத்தம் போடுமே, அதே சத்தம். ஆனால் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. சத்தம் போட்டது மேசைமேல் இருந்த அவளுடைய மடிக்கணினி.

"அண்ணி! உங்க லிஃப்ட்ல யானை ஏறிடுச்சு போல!" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள் நாத்தனார். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை என்றால் சோபாவை விட்டு எழமாட்டாள்.

"பீம்... பீம்..." மறுபடியும். அதன்பின் மறுபடியும்.

"ஒரு யானை இல்ல, ஒரு கூட்டமே ஏறுது" என்றான் வெங்காயம் நறுக்கியவளின் கணவன். லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவன் வேலை. ஊர் லிஃப்டெல்லாம் அவன் கை பட்டால் ஏறி இறங்கும். அவன் மட்டும் தினமும் மூன்று மாடி படியேறி வீட்டுக்கு வருவான். இந்தச் சத்தங்களையும் அவன்தான் பதிவுசெய்து அவள் கணினியில் போட்டுக் கொடுத்திருந்தான். ஒரு மெயில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், லிஃப்ட் மாடிக்கு வந்து நிற்கும்போது கேட்கிற "டிங்". போகாவிட்டால் இந்த "பீம்".

எட்டு மாதமாக அந்த வீட்டில் காலை பத்து மணிக்குப் பதினோரு "டிங்" கேட்கும். பதினோரு மருத்துவமனைகளுக்குப் பதினோரு அறிக்கைகள். அன்று காலை கேட்டது பதினோரு "பீம்".

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். திரையில் ஒரே வரி பதினோரு முறை எழுதப்பட்டிருந்தது: ஃபைல் கிடைக்கவில்லை. ஃபைல் கிடைக்கவில்லை. ஃபைல் கிடைக்கவில்லை.

அப்போதே கைபேசி அடித்தது.

"சீட்டக்கா, நான் குறைமாசக் குழந்தைங்க வார்டு சிஸ்டர் பேசறேன். பத்து மணி மெயில் இன்னும் வரலையே?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர். கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன் அக்கா. எட்டாம் நம்பர் கண்ணாடிப் பெட்டியில இருக்கிற குழந்தை பொறுக்கமாட்டா. தொள்ளாயிரம் கிராம். அவ அம்மா வேற வார்டுல நினைவில்லாம கிடக்கறாங்க. கையில இருந்த பாலை இப்பத்தான் பத்து மணிக்குக் கொடுத்து முடிச்சோம். அடுத்தது பன்னிரண்டுக்கு. நேத்து நீங்க அனுப்பின பாட்டிலெல்லாம் ஃபிரிட்ஜ்ல இருக்கு. ஆனா உங்க அறிக்கை வராம நான் மூடியைத் திறக்க முடியாது. உங்களுக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது.

சீட்டக்கா வேலை பார்த்தது ஒரு தாய்ப்பால் வங்கியில். பாலூட்டும் பெண்கள் தங்கள் பிள்ளைக்குப் போக மிஞ்சிய பாலைக் கொடுப்பார்கள். அதைச் சூடுபடுத்தி, சோதித்து, உறையவைத்து, தாய்ப்பால் கிடைக்காத பச்சைக் குழந்தைகளுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் நாற்பத்தெட்டு மணி நேரச் சோதனை. கிருமி இல்லை என்று டாக்டரம்மா கையெழுத்திட்ட பி.டி.எஃப். தாள் மெயிலில் வந்த பிறகுதான் வார்டில் பாட்டிலைத் திறக்கலாம்.

பதினான்கு வருடங்களுக்கு முன்னால், இருபத்தேழு வயதில், அவள் இந்த வங்கிக்குள் வந்தது வேலைக்காக அல்ல. அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆறரை மாதத்திலேயே பிறந்துவிட்டது. நான்கு நாள் இருந்தது. குழந்தை போன மறுநாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்க ஆளில்லை என்று உடம்புக்கு எப்படித் தெரியும்? ரவிக்கை நனைய நனைய சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவளிடம் ஒரு நர்ஸ் வந்து, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் எழுந்து உட்கார்ந்தாள். நாற்பது நாள் கொடுத்தாள். நாற்பத்தோராம் நாள் பால் நின்றபோது, "இங்க எனக்கு ஏதாவது வேலை கொடுங்க, பாட்டில் கழுவறதா இருந்தாலும் சரி" என்று அழுதாள்.

பாட்டிலில் சீட்டு ஒட்டும் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அவள் சீட்டக்கா. சீட்டு எழுதக் கணினி வந்ததும் கணினியைக் கற்றுக்கொண்டாள். கணினிக்குள் எல்லா விவரத்தையும் அடுக்கிவைக்கும் டேட்டாபேஸ் வந்ததும் மாலை வகுப்புக்குப் போய் அதையும் கற்றுக்கொண்டாள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் வயதில் பாதி. "அக்கா, உங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்று முதல் நாள் ஒருவன் கேட்டான். தேர்வு முடிவு வந்த அன்று அவன்தான் அவளிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டு நின்றான்.

இவ்வளவு தெரிந்தவள்தான் போன வருடம் ஒரு தப்பு செய்தாள். அப்போதெல்லாம் அறிக்கைகளை அவளே கையால் ஒவ்வொன்றாக மெயிலில் இணைத்து அனுப்புவாள். காய்ச்சலோடு வேலைக்கு வந்த ஒரு நாள், ஒரு மருத்துவமனையின் தாளை இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டாள். நல்லவேளை, வார்டில் தொகுதி எண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழப்பம் தீர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. வெளியே எடுத்து வைத்த அறுபது பாட்டில் பாலைக் கொட்டும்படி ஆயிற்று. வெள்ளை வெளேரென்று அந்தப் பால் தொட்டியில் சுழன்று ஓட்டைக்குள் இறங்கியதை அவள் பக்கத்தில் நின்று கடைசிச் சொட்டுவரை பார்த்தாள். அதில் ஒவ்வொரு சொட்டும் எந்தத் தாயோ தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கொடுத்தது.

"இனிமே என் கையை நம்பாதீங்க டாக்டர். யார் கையையும் நம்பாதீங்க" என்று அவளே கேட்டு விதி போடவைத்தாள். தொகுதி எண்ணையும் தாளையும் தானே ஒப்பிட்டுப் பார்த்து, தானே மெயில் அனுப்புகிற ஸ்கிரிப்ட் ஒன்றை டேட்டாபேஸுக்குள் எழுதினாள். அதாவது, என்ன செய்யவேண்டும் என்று கணினிக்கு வரிவரியாக எழுதிக் கொடுக்கிற கட்டளைகள். அதிலிருந்து வரும் மெயிலை மட்டுமே பதினோரு மருத்துவமனைகளும் ஏற்கும். மனிதக் கை இணைத்து அனுப்பினால் செல்லாது.

அந்த விதி இன்று அவள் கழுத்தைப் பிடித்தது.

"ஏம்மா, அந்தத் தாள் உன்கிட்டத்தான இருக்கு? நீயே எடுத்து அனுப்பிடேன்!" என்றான் கணவன்.

"ஏத்துக்கமாட்டாங்க. ஏத்துக்கவும் கூடாது."

"டாக்டரம்மாகிட்ட பேசு. அவங்க சொன்னா கேட்பாங்கல்ல?"

"ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு விமானம் ஏறிட்டாங்க. மூணு மணிக்குத்தான் இறங்குவாங்க."

நாத்தனார் சோபாவை விட்டு எழுந்து வந்து கதவோரம் நின்றாள். அவள் எழுந்துவிட்டாள் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

சீட்டக்கா வீட்டிலிருந்தபடியே அலுவலகத்தில் இருக்கும் தன் கணினிக்குள் நுழைந்தாள். ஃபைல்களை அடுக்கிவைக்கும் டி டிரைவைத் திறந்தாள். அதற்குள் 'அறிக்கை' என்ற ஃபோல்டர். அதற்குள் அன்றைய தேதி. அதற்குள் பதினோரு பி.டி.எஃப். ஃபைல்களும் வரிசையாக, சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. பதினோராவதைத் திறந்தாள். டாக்டரம்மாவின் கையெழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"இதோ இருக்கு! கண்ணு முன்னாடி இருக்கு! இதைப் போய் இல்லேங்குது!"

ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினாள். பீம். ஃபைல் கிடைக்கவில்லை.

ஸ்கிரிப்டில் எழுதியிருந்த பாதையை எழுத்தெழுத்தாகப் படித்தாள். டி டிரைவ், அறிக்கை, தேதி, தொகுதி எண். எல்லாம் சரி. பாதையை நகலெடுத்துத் தன் கணினியில் ஒட்டினாள். ஃபைல் உடனே திறந்தது. ஸ்கிரிப்டை ஓட்டினாள். பீம். நேற்றுவரை இதே வரி எட்டு மாதம் ஓடியது.

நேற்று ஒன்றே ஒன்று மாறியிருந்தது. டேட்டாபேஸ் இதுநாள்வரை அவளுடைய மேசைக் கணினியிலேயே குடியிருந்தது. அது பெருத்துவிட்டது என்று, குளிரூட்டிய அறையில் புதிதாக வாங்கி வைத்த பெரிய கணினிக்கு, அவர்கள் பேச்சில் சர்வருக்கு, சனிக்கிழமை மாலை மாற்றியிருந்தாள். மாற்றிய கையோடு சோதனை மெயில் ஒன்று அனுப்பிப் பார்த்தாள். "வணக்கம், சோதனை" என்று இரண்டே சொல். டிங் என்றது. நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டாள். மெயில் போகிறதென்றால் மெயிலோடு போகிற தாளும் போகும்தானே?

மணி பத்து ஐம்பது. பதினான்கு வருடம் கழித்து இன்னொரு பெண் குழந்தை, அதுவும் குறைமாதம். தன் கை இன்னொரு முறை... அதற்குமேல் நினைக்கவே பயந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"அண்ணி, அழறதா இருந்தா பன்னிரண்டு மணிக்கு மேல அழுங்க. நானும் கூட உட்கார்ந்து அழறேன். இப்ப பாருங்க" என்றாள் நாத்தனார்.

அப்போதுதான் வாசல் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

நாத்தனார் கதவைத் திறந்தாள். முப்பது வயதுக்காரன் ஒருவன் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். விரல் இடுக்கெல்லாம் காய்ந்த பெயிண்ட். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டிருந்தான். அது அவனுக்கே தெரியவில்லை.

"சீட்டக்கா... வீடு... இதுதானேங்க?"

"இதுதான். நீங்க யாரு?"

"எட்டாம் நம்பர் பெட்டிக் குழந்தையோட அப்பாங்க. அறிக்கை வரலேன்னு சிஸ்டர் சொன்னாங்க. உட்கார்ந்திருக்க முடியலங்க. பால் வங்கிக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. வாட்ச்மேன்தான் இங்க அனுப்பினார்."

கணவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தான். ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவன் தொடர்ந்தான்.

"அரை மணி நேரமா எதிர்க் கட்டடத்துலதாங்க நின்னேன். 'பின்தெரு, மூணாவது மாடி, இடது பக்கக் கதவு'ன்னார் வாட்ச்மேன். ரெண்டு கட்டடமும் ஒரே மஞ்சள், ஒரே மாதிரி படி. இங்க வாசல்ல தண்ணித் தொட்டி இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். எதிர்ல இருக்கிறதுல ஏறிட்டேன். மூணாவது மாடி இருந்தது, இடது பக்கக் கதவும் இருந்தது. ஒரு பெரியவர் வந்து, 'அப்படி யாரும் இங்க இல்லப்பா'ன்னார். நானும் விடல. 'இந்த முகவரிதான் சார், நல்லாத் தேடிப் பாருங்க'ன்னு சண்டையே போட்டுட்டேன். பாவம், அந்த மனுஷன் கட்டிலுக்கு அடியில மட்டும்தான் தேடல."

நாத்தனாருக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளறை வாசலில் நின்றிருந்த சீட்டக்கா சிரிக்கவில்லை. அவள் அவனையே பார்த்தபடி சிலைபோல் நின்றாள்.

"என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க."

"இல்லைங்க, சண்டைன்னா பெருசா ஒண்ணும்..."

"அது இல்ல. வாட்ச்மேன் என்ன சொன்னார்?"

"மூணாவது மாடி, இடது பக்கக் கதவுன்னார். எந்தக் கட்டடம்னு சொல்லல."

"எந்தக் கட்டடம்னு சொல்லல!" என்று அவள் கத்தியதில் அடுத்த வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். "நானும் சொல்லலையே! டி டிரைவ், அறிக்கை ஃபோல்டர்னு மட்டும்தானே சொல்லி வெச்சிருக்கேன்! எந்தக் கணினியோட டி டிரைவ்னு நான் சொல்லவே இல்லையே!"

அவள் உள்ளே போய் மேசைமுன் நாற்காலியில் விழுந்தாள். கணவன் வந்தவனின் நாற்காலியையும் உள்ளே இழுத்துப் போட்டான். இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. டேட்டாபேஸ் அவள் கணினியில் இருந்தவரை, டி டிரைவ் என்றால் அவளுடைய டி டிரைவ். சர்வருக்குக் குடிபோன பிறகு, டி டிரைவ் என்றால் அது தன்னுடைய டி டிரைவில்தான் போய்த் தேடும். அங்கே அறிக்கையும் இல்லை, ஒன்றும் இல்லை. பாவம், அந்த எதிர்க் கட்டடத்துப் பெரியவர் மாதிரி, அது காலையிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள்தான் தன் வீட்டு அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதோ இருக்கே, கண் தெரியலையா?" என்று அதனோடு சண்டை போட்டிருக்கிறாள்.

விரல்கள் பறந்தன. தன் கணினியில் இருந்த ஃபோல்டரை மற்றக் கணினிகளும் பார்க்கும்படி பொதுவில் வைத்தாள். ஸ்கிரிப்டில் பாதையை மாற்றினாள். முதலில் கணினியின் பெயர், அடுத்தது ஃபோல்டரின் பெயர், கடைசியில் ஃபைலின் பெயர். ஓட்டினாள்.

பீம்.

வந்தவன் முகம் வெளிறிப் போயிற்று. "போச்சாங்க?"

"இல்லை. வேற பிழை!" என்றாள் அவள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "காலையிலிருந்து ஃபைல் கிடைக்கவில்லைன்னு சொன்னது இப்ப என்ன சொல்லுது பாருங்க. அனுமதி இல்லை. அப்படின்னா வீட்டைக் கண்டுபிடிச்சிடுச்சு! வாசல்ல நிக்குது. நான்தான் கதவைத் திறக்கணும்."

"பிழை மாறினதுக்கே இவ்வளவு சந்தோஷமா!" என்று நாத்தனார் தன் அண்ணன் காதில் கிசுகிசுத்தாள். "லாட்டரி விழுந்தாக்கூட இப்படி முகம் மலராது."

சர்வருக்கென்று தனியாக ஒரு பயனர் பெயர் உண்டு. சீட்டக்கா என்ற பெயருக்குத் திறக்கிற ஃபோல்டர் அந்தப் பெயருக்குத் திறக்காது. அந்தப் பெயரையும் பட்டியலில் சேர்த்து, படிக்க மட்டும் அனுமதி கொடுத்தாள். மாற்றவோ அழிக்கவோ அனுமதி கொடுக்கவில்லை. அவசரத்திலும் அந்த நிதானம் அவளை விட்டுப் போகவில்லை. அறுபது பாட்டில் கொட்டிக் கற்ற பாடம் அது.

மணி பதினொன்று இருபத்தைந்து. விரலைப் பொத்தான்மேல் வைத்தாள். அழுத்தினாள்.

நாத்தனார் கதவோரத்திலிருந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

டிங்.

நாத்தனார் துள்ளினாள். வந்தவன் எழுந்தே நின்றுவிட்டான். "எங்களோடதாங்க?"

"இது முதலாவது. வரிசையாகத்தான் போகும்."

"எங்களோடது எத்தனையாவது?"

அவள் தயங்கினாள். "பதினோராவது."

டிங். டிங். வந்தவன் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினான். நான்கு. ஐந்து. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி விழுந்தது; அந்த இடைவெளியில் லிஃப்ட்காரன் தன் மனைவியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான். பிறகு ஏழு. எட்டு. ஒன்பது. பத்துக்கு வந்தவனிடம் இருந்த விரல்கள் தீர்ந்துபோயின. மூடிய இரண்டு கைகளையும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கிக்கொண்டான்.

டிங்.

இரண்டு நிமிடம் கழித்துக் கைபேசி அடித்தது. சீட்டக்கா எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அக்கா, வந்துடுச்சு! தொகுதி எண்ணும் பார்த்துட்டேன், சரியா இருக்கு. பாலை இளக வெச்சிருக்கேன். பன்னிரண்டுக்குக் கொடுத்துடுவோம். எட்டாம் நம்பரோட அப்பாவைத்தான் காணோம், எங்க போனார்னு தெரியல."

"எங்க வீட்டுலதான் இருக்கார் சிஸ்டர். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு."

அவன் குனிந்து பார்த்தான். அப்போதுதான் தெரிந்தது. சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தேம்பினான். ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்கக் கூசியதுபோல் லிஃப்ட்காரன் மின்விசிறியைப் பழுது பார்ப்பவன் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"ரெண்டு மில்லிதாங்க குடிக்குது" என்றான் வந்தவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு ஸ்பூன்கூட இல்லை. அதுக்கு எத்தனை பேர் பாடு! உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களாக்கா?"

கணவனும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"ஒரு பொண்ணு இருந்தா" என்றாள் சீட்டக்கா. "நாலு நாள் இருந்தா. உங்க பொண்ணுக்கு இன்னைக்கு எத்தனையாவது நாள்?"

"எட்டாவது."

"எட்டு!" என்றாள் அவள். பாதி வழியிலேயே மகளை இழந்த ஒரு தாய், அடுத்தவர் பிள்ளை அந்த வழியைத் தாண்டி ஓடுவதைப் பார்த்து எப்படிச் சிரிப்பாளோ, அப்படிச் சிரித்தாள். "நாலைத் தாண்டிட்டாளே. கெட்டிக்காரி. ஓடுங்க, பன்னிரண்டுக்குள்ள போனா கண்ணாடி வழியா அவ குடிக்கிறதைப் பார்க்கலாம்."

"நான் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடறேன்" என்று சாவியை எடுத்தாள் நாத்தனார்.

"கெட்டியா பிடிச்சுக்குங்க தம்பி" என்றான் லிஃப்ட்காரன். "விளையாட்டு டீச்சர். தெருவையும் மைதானம்னு நினைச்சுக்குவா."

"நீ பேசாதண்ணா. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டற, கட்டின பொண்டாட்டியை மூணு மாடி நடக்க வைக்கற!" நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு தடதடவென்று இறங்கினாள்.

வந்தவன் அவள் பின்னால் நான்கு படி இறங்கினான். பிறகு என்ன நினைத்தானோ, மேலே ஏறி வந்தான். கதவு நிலையையும், எதிர் ஜன்னல் வழியே தெரிந்த அந்த இன்னொரு மஞ்சள் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவ கொஞ்சம் தேறினதும் தூக்கிட்டு வருவேங்க" என்றான். "இந்தத் தடவை தப்பமாட்டேன். பின்தெரு, தண்ணித் தொட்டி இருக்கிற கட்டடம், மூணாவது மாடி, இடது பக்கக் கதவு. சரிதானேக்கா?"

"சரிதான். முழுசா சரி."

அவன் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கி ஓடினான். காலடிச் சத்தம் இரண்டாவது மாடியைத் தாண்டி, முதல் மாடியைத் தாண்டி, தெருவில் கலந்தது. கீழே ஸ்கூட்டர் உறுமிப் புறப்பட்டது. அது தெருமுனை திரும்பும்வரை காதுகொடுத்து நின்றுவிட்டு, சீட்டக்கா மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.